ஒன்பதாம் பீப்பாய்

லோரெட்டாவின் மூக்கு செத்துப்போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். ஜூன் மாதம் வந்த காய்ச்சல் ஒரே வாரத்தில் போய்விட்டது. போகும்போது வாசனையையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து காப்பி வெறும் வெந்நீர். பூண்டு வதக்கினால் சத்தம் மட்டும் கேட்கிறது. நாக்குக்குப் புளிப்பும் கசப்பும் இனிப்பும் தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஸ்டான்தோர்ப் டாக்டர். "வாசனை திரும்பி வரும். சிலருக்கு வராமலும் போகும்" என்று இரண்டு பக்கமும் பேசி அனுப்பிவிட்டார். வேறு வேலை பார்க்கிறவளாக இருந்தால் சாப்பாடு ருசிக்கவில்லை என்று நாலு பேரிடம் புலம்பலாம். ஒயின் செய்கிறவள் யாரிடம் போய்ப் புலம்புவாள்?

போன வாரப் பகுதியைப் படித்ததுமே உங்களில் பாதிப் பேர், 'வீட்டில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!' என்று அவளைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பீப்பாய் அறையின் சாவி அவள் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அப்பா எத்தோரே பெரின் அந்த வருட ஒயினைக் கலக்கும் பொறுப்பை அவள் தம்பி டாரியோவிடம் கொடுத்தார். ஆண் பிள்ளை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. பனியில் விரல் வெடிக்க வெடிக்கப் பத்து வருடம் கொடி வெட்டியவள் அக்கா. டாரியோ கலந்த ஒயின் பிரமாதமாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "எப்படி இருக்கு, லோரி?" என்று அப்பா கிளாஸை நீட்டியபோது, "கெட்டுப் போச்சுப்பா. புளிச்ச வாடை அடிக்குது" என்று சொல்லிவிட்டாள். வாய் கூசாமல் சொன்ன பொய். டாரியோ அப்போது அந்த அறையில் இல்லை.

அப்பா தானும் மோந்து பார்த்தார். பிறகு டாரியோவைக் கூப்பிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று கத்தி, தொட்டியைத் திறந்து ஒரு வருட ஒயினைச் சாக்கடையில் விட்டார். டாரியோ அன்றைக்கே வீட்டை விட்டுப் போனான். பொறுப்பும் சாவியும் லோரெட்டாவிடம் வந்தன. அவ்வளவு நல்ல ஒயினை மோந்து பார்த்த பிறகும் அப்பா எப்படித் தன் பொய்யை நம்பினார் என்பது மட்டும் லோரெட்டாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது மூக்கு போன கதை வெளியே வந்தால் சாவி போகும். தம்பியைத் துரத்திச் சம்பாதித்த இடம் அது. அதை விட்டால் நாற்பத்தொரு வயதில் அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

இன்றைக்கு ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறு. பெரின் தோட்டத்தில் தலைப் பீப்பாய் நாள்.

ஆஸ்திரேலியாவில் ஜூலைதான் குளிர்காலம்; எங்கள் மலையில் அதுதான் சீசன். பிரிஸ்பேன்காரர்களுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது, பாவம். இலை உதிர்ந்த மொட்டைக் கொடியையும் புல்லில் உறைந்த பனியையும் பார்க்க மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருவார்கள். புதிதாக வாங்கிய கம்பளித் தொப்பியோடு இறங்கி, வாயால் புகை விட்டு, அதைப் போட்டோ வேறு எடுத்துக்கொள்வார்கள்.

பத்தரை மணிக்கு அந்த மினி பஸ் வந்து நின்றது. இருபது பேர் இறங்கினார்கள். ஓட்டி வந்தவன் டாரியோ.

வீட்டை விட்டுப் போனவன் சுற்றுலா பஸ் ஓட்டுகிறான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாலைந்து தடவை கூட்டத்தைக் கொண்டுவந்து சொந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பஸ்ஸிலேயே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டுப் போவான். அப்பா ஜன்னல் வழியாகப் பார்ப்பார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

ருசி பார்க்கும் கூடத்தில் கணப்பு எரிந்தது. எத்தோரே அதன் பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்து நாலு வயது, கழுத்தில் சிவப்பு மஃப்ளர். லோரெட்டா கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். முன்னால் இருபது கிளாஸ், பின்னால் சுவர், பக்கத்தில் அப்பா. நகர இடம் இல்லை.

முதல் மூன்று ஒயினும் திருகுமூடி போட்டவை. பிரச்சினை இல்லாமல் போனது. என்ன மணம், என்ன ருசி என்று பழைய ஞாபகத்தை வைத்து ஒப்பித்தாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பித்த மாதிரிதான்.

"லோரி, அந்தப் பழசை எடும்மா" என்றார் அப்பா. "இவ்ளோ தூரம் குளிர்ல வந்திருக்காங்க."

பதினைந்து வருடத்துப் பாட்டில், தக்கை போட்டது. தக்கை போட்ட பாட்டிலைத் திறந்தவர்தான் முதலில் மோந்து பார்க்க வேண்டும். அது எங்கள் மலையில் எல்லாக் கூடத்திலும் உள்ள முறை. தக்கை கெட்டிருந்தால் ஒயினில் நனைந்த பழைய பேப்பர் வாடை அடிக்கும்.

லோரெட்டா திறந்தாள். ஒரு சொட்டு ஊற்றினாள். இருபது பேர் பார்க்க, கண்ணை மூடி மோந்தாள். காற்றுதான் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். எல்லோருக்கும் ஊற்றினாள். அப்பாவுக்கும் ஊற்றினாள்.

அவர் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடினார். "ஆகா! செர்ரி. மிளகு. கொஞ்சம் பழைய தோல் மணம். அந்த வருஷத்து வெயில் இன்னும் இதுக்குள்ளயே இருக்கு."

"நான் நெனச்சேன், மிளகுன்னு!" என்றாள் முன்வரிசையில் இருந்த ஜோய்லீன். ஊதா நிறத் தொப்பி, எழுபது வயது, வாய் ஓயாத பெண்மணி. மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு ஆள் மட்டும் முகத்தைச் சுளித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, தானும் தலையாட்டினான்.

அந்த நேரம் பார்த்து டாரியோ உள்ளே வந்தான். யாரோ பஸ்ஸில் விட்டுப்போன கையுறை அவன் கையில் இருந்தது. ஜோய்லீன் விடவில்லை. "டிரைவர் தம்பி, நீ குடிக்க வேணாம். மோந்தாவது பாரு. கோடி கொடுத்தாலும் கிடைக்காது!"

கிளாஸ் மூக்கருகே போனதும் டாரியோவின் முகம் மாறியது. அக்காவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். கிளாஸைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்.

"லோரெட்டா, பஸ் ஹீட்டர்ல ஏதோ கோளாறு. ஒரு நிமிஷம் வர்றியா?" என்றான்.

எட்டு வருடத்தில் அவன் அவளோடு பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால் போனதும் குரலைத் தாழ்த்தினான். "என்ன ஊத்திக்கிட்டு இருக்க நீ? தக்கை கெட்டு நாறுது. நனைஞ்ச பேப்பர் மாதிரி. உனக்கா தெரியல?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது. "எனக்கு ஒண்ணுமே தெரியலடா. ஆறு வாரமாச்சு. காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கு போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல."

டாரியோ திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான்.

"ஆறு வாரமா தனியாவா வச்சிக்கிட்டு இருக்க? பைத்தியமா உனக்கு? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல அக்கா?"

அந்த 'அக்கா' அவளுக்கு வலித்தது. அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்குத் தலைப் பீப்பாய்" என்றாள். "நீ வந்து மோந்து பாரு. எதுன்னு விரல்ல மட்டும் காட்டு. நான் பாத்துக்கறேன்."

"திருட்டுத்தனமா மாட்டேன். எனக்குன்னு கொஞ்சம் ரோஷம் இருக்கு. அப்பாகிட்ட உண்மையைச் சொல்லி, எல்லார் முன்னாடியும் என்னைக் கூப்பிடு. வரேன்." ஏதோ ஞாபகம் வந்தவனாக நிறுத்தினான். "அதிருக்கட்டும். அப்பாவும் அதைத்தானே குடிச்சாரு? செர்ரிங்கறாரு, மிளகுங்கறாரு. அவருக்கும் மூக்கு இல்லையா?"

லோரெட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

பத்து வருடத்துக்கு முன் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து அப்பா தலையில் அடிபட்டுக் கிடந்தார். அதற்குப் பிறகுதான் எதைக் குடித்தாலும் 'எப்படி இருக்கு, லோரி?' என்று கேட்க ஆரம்பித்தார். மகள்மேல் வந்த மரியாதை என்று அவள் பூரித்துப்போயிருந்தாள். மரியாதையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரியவில்லை, கேட்டார். அவ்வளவுதான். டாரியோவின் தொட்டியை அன்று மோந்து பார்த்தபோதும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் சொன்னதை வைத்துத்தான் மகனைத் துரத்தியிருக்கிறார்.

"வயசாச்சுல்ல. இப்பதான் சமீபத்துல போயிருக்கும்" என்றான் டாரியோ.

"ஆமா" என்றாள் லோரெட்டா அவசரமாக. "இப்பதான் இருக்கும்."

அப்பாவுக்கு எப்போதிலிருந்து மணம் தெரியாது என்று டாரியோ கேட்டுவிட்டால் போதும். மிச்சக் கணக்கை அவனே போட்டுவிடுவான். ஜாக்கெட்டின் கதகதப்பு அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு லசான்யா. நீளமேஜையில் கூட்டம் சிரித்துப் பேசிச் சாப்பிட்டது. லோரெட்டா அப்பாவைச் சமையலறை ஓரமாக இழுத்துப்போனாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"ரெண்டு மணிக்கு அப்புறம் சொல்லு."

"அதுக்கு முன்னாடியே சொல்லணும்ப்பா."

"லோரி, இன்னிக்கு நான் பீப்பாய் பக்கத்துலகூட வரமாட்டேன். எல்லாம் நீதான். உன் மூக்கை நம்பித்தான் இந்தத் தோட்டமே ஓடுது." அவளுடைய கன்னத்தைத் தட்டினார். "இன்னிக்குப் போய் பயமுறுத்தாத."

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குப் பாதி தெரிந்திருந்ததோ என்னவோ. நிற்காமல் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

பீப்பாய் அறை கருங்கல் சுவர். ஒரே கதவு. உள்ளே நுழைந்த இருபது பேரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் பெரிய எஃகுத் தொட்டி. அந்த வருடத்துச் சிவப்பு ஒயின் மொத்தமும் அதில் கலந்தாகிவிட்டது. மிச்சம் ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று பீப்பாய்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சாக்கட்டியால் சிலுவை போட்டு, கடைசியாகத் தொட்டியில் சேர்ப்பார்கள். விருந்தாளிகளில் ஒருவர் மோட்டாரைப் போட, மற்றவர்கள் பத்திலிருந்து கீழே எண்ணுவார்கள். அதுதான் தலைப் பீப்பாய். இந்த வருடச் சீட்டுக் குலுக்கலில் ஜோய்லீன் பெயர் விழுந்திருந்தது. மோட்டார் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு இப்போதே தயாராக நின்றாள்.

தோட்டத்து ஆள் கெர்ரி மூன்று பீப்பாயிலிருந்தும் மூன்று கிளாஸ் எடுத்துக் கொடுத்தாள். லோரெட்டா மோந்தாள். ஏழு. எட்டு. ஒன்பது. மூன்றும் ஒன்றுதான். ஆறு வாரமாக இந்தப் பீப்பாய்களுக்கு வாராவாரம் ஒயின் ஊற்றி நிரப்பியதும் அவள்தான். கண்ணால் மட்டம் பார்த்து நிரப்பினாளே தவிர, உள்ளே எது எப்படி இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கதவோரம் டாரியோ நின்றான். அவள் கூப்பிடுவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு மணம் தெரியல" என்றாள் லோரெட்டா.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். "காய்ச்சல்ல மூக்கு போயிடுச்சு. என்னால இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. என் தம்பி டாரியோ வந்து பாக்கட்டும்."

'ஐயோ பாவம்' என்று இரண்டு மூன்று குரல்கள் கேட்டன. எத்தோரே வெளிறிப்போனார். ஒரு நிமிடம் மகளைப் பார்த்தார், ஒரு நிமிடம் கதவைப் பார்த்தார்.

"டிரைவருக்கு இங்க என்ன வேலை?" என்றார். "நான் உயிரோடதானே இருக்கேன்? கொண்டா இங்க."

சாக்கட்டியைப் பிடுங்கினார். மூன்று கிளாஸையும் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார், தலையை ஆட்டினார். நாடகக்காரன் தோற்றான். நேராகப் போய் ஒன்பதாம் பீப்பாயில் பெரிய சிலுவையாகப் போட்டார். கூட்டம் கைதட்டியது. கெர்ரி குழாயை மாட்டினாள்.

ஒன்பதின் கிளாஸ் கைமாறிக் கைமாறிக் கதவு வரை போனது. டாரியோ மோந்தான். உடனே அக்காவைப் பார்த்துத் தலையைப் பலமாக அசைத்தான். "நகப்பாலிஷ் வாடை" என்று வாயை மட்டும் அசைத்துச் சொன்னான். காற்று புகுந்து பீப்பாய் கெட்டிருக்கிறது. தொட்டியில் போனால் இந்த வருடத்து ஒயின் மொத்தமும் கெட்டது.

லோரெட்டா அப்பாவின் காதருகே குனிந்தாள். "அப்பா, ஒன்பது வேணாம். கெட்டிருக்கு. டாரியோ மோந்துட்டான்."

அப்பா திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே உதட்டை அசைத்தார். "தெரியும் உனக்கு, இல்ல? காலைலயே கண்டுபிடிச்சிட்ட. சொல்லிடாதம்மா. இவங்க முன்னாடி வேணாம்."

"தொட்டி மொத்தமும் போயிடும்ப்பா."

"போகட்டும்."

"பத்து!" என்று கூட்டம் ஆரம்பித்தது. "ஒன்பது! எட்டு!"

வாயைத் திறந்தால் அப்பாவின் மானம் போகும். அது போன கையோடு அவளுடைய பழைய பொய்யும் வெளியே வரும். வாயை மூடினால் ஒரு வருடத்து ஒயின் போகும். இரண்டாவது தடவை, அவளால்.

"நாலு! மூணு!"

பாய்ந்து ஜோய்லீனின் கையைப் பிடித்துவிட்டாள். "நிறுத்துங்க! அது கெட்டுப்போன பீப்பாய். அப்பாவுக்கும் மணம் தெரியாது."

எத்தோரே மஃப்ளரை அவிழ்த்தார். திரும்பக் கட்டிக்கொண்டார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அந்த மனிதரை அப்படிப் பார்க்க லோரெட்டாவுக்குச் சகிக்கவில்லை.

டாரியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். "எப்பலேர்ந்துப்பா?"

அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். "டிராக்டர் கவுந்ததுலேர்ந்து. பத்து வருஷமாச்சு."

"பத்து வருஷமா?" டாரியோ அதை மெல்லத் திருப்பிச் சொன்னான். மனதுக்குள் எதையோ கூட்டிக் கழிக்கிறான் என்று லோரெட்டாவுக்குத் தெரிந்தது. "அப்ப என் தொட்டி கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொன்னீங்க? எட்டு வருஷம்தானே ஆச்சு அதுக்கு? யாருப்பா சொன்னது உங்களுக்கு?"

அப்பா தலை நிமிர்ந்தார். லோரெட்டாவைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவர் கண்ணில் எல்லாம் தெரிந்தது. அவள் அன்று சொன்னது பொய் என்பதை இந்த நொடியில்தான், அவள் முகத்தைப் பார்த்து, அவர் கண்டுபிடித்திருந்தார்.

'சொல்லிவிடுங்கள்' என்று நினைத்தாள். சொல்லித் தொலைத்தால் விட்டது.

"யாரும் சொல்லல" என்றார் எத்தோரே. "நானாத்தான் சொன்னேன். உனக்கு மூக்கு இருந்துச்சு, எனக்கு இல்ல. பொறாமைடா. பொறுக்கல எனக்கு."

டாரியோ அப்பாவை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு அக்காவிடம் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளுடைய குளிர்ந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"இந்த வீட்டுல நீ ஒருத்தியாவது உண்மையைச் சொன்னியே, அக்கா" என்றான்.